உடைந்து வரும் புரதம்: எது வெட்டியது என்று தேடும் முன், எப்போது உடைந்தது என்று பாருங்கள்

செல்களைப் பயோரியாக்டர் என்னும் வளர்ப்புக் கலனில் பதினான்கு நாள் வளர்த்து, பிரித்து எடுத்துவிட்டு, சுத்தம் செய்த ஆன்டிபாடியை, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கிறீர்கள். இருக்க வேண்டிய பேண்ட் (கோடு) இருக்கிறது. அதற்குக் கீழே, இருக்கக் கூடாத இன்னும் இரண்டு மெலிதாகத் தெரிகின்றன. செல் வளர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்த யாருக்கும் சீக்கிரமே ஒரு நாள் இந்தக் காட்சி கண்ணில் படும். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "புரோட்டியேஸ் வெட்டியிருக்கும், இன்ஹிபிட்டர் போட்டுப் பார்" என்று சொல்லிவிட்டுப் போவார். புரோட்டியேஸ் என்பது புரதத்தை வெட்டும் என்சைம், இன்ஹிபிட்டர் அதைத் தடுக்கும் பொருள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் வாரக்கணக்கில் தவறான பாதையில் போக வாய்ப்பு உண்டு. எது வெட்டியது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது உடைந்தது என்று கேளுங்கள். செல்லுக்குள்ளேயா, அது வளரும் திரவமான மீடியத்திலா, ஹார்வெஸ்டுக்குப் (அறுவடைக்குப்) பிறகு டேங்கில் கிடந்தபோதா, இல்லை உங்கள் கையில் இருந்த சின்ன டியூபிலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி வேலை பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் சோ (CHO) செல்களைப் பற்றி. 1957-இல் தியோடர் பக் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த செல் வரிசையின் வாரிசுகள் இவை. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தக்கட்டி கரைக்கும் மருந்தான டிபிஏ தொடங்கி, இன்றைய ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பகுதி இவற்றில்தான் தயாராகிறது. இந்தச் செல்கள் நமக்காக ஒரு புரதத்தைச் செய்து வெளியே தள்ளுகின்றன. கூடவே தங்களுக்கு வேண்டிய புரோட்டியேஸ்களையும் வெளியே விடுகின்றன. வயதாகிச் செத்து உடையும்போது உள்ளே லைசோசோம் என்ற செரிமானப் பையில் பூட்டி வைத்திருந்தவற்றையும் கொட்டிவிடுகின்றன. நம் புரதமோ அதே குளத்தில் 37 டிகிரியில் இரண்டு வாரம் நீந்திக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் யோசித்தால், புரதம் ஏன் உடைகிறது என்பதைவிட இத்தனை புரதம் எப்படி முழுசாக வருகிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு.

உடைந்தது என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது

புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் முதல் இடம் இது. "டிகிரடேஷன்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, புரதத்தின் முதுகெலும்பான பெப்டைடு பிணைப்பே அறுபடுவது. இதை கிளிப்பிங் என்பார்கள். என்சைமும் செய்யலாம், வெறும் அமிலமும் செய்யலாம். இரண்டாவது, முதுகெலும்பு முழுசாக இருக்க, சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கந்தகப் பாலங்களான டைசல்ஃபைடு பிணைப்புகள் மட்டும் அவிழ்ந்துவிடுவது. இதற்கு ரிடக்ஷன் என்று பெயர். மூன்றாவது, எதுவும் உடையாமல் ஒரு அமினோ அமிலம் மட்டும் வேறாக மாறுவது: ஆஸ்பரஜின் டீஅமிடேஷன் ஆகும் (அமைடு தொகுதியை இழக்கும்), மெத்தியோனின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றாவது ஜெல்லில் தெரியவே தெரியாது. எடை வித்தியாசம் டீஅமிடேஷனுக்கு ஒரு டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), ஆக்சிடேஷனுக்கு 16 டால்டன், அவ்வளவுதான். மின்னூட்டத்தைப் பிரித்துக் காட்டும் கருவியிலோ மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோதான் பிடிபடும்.

மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ரிடக்ஷனுக்குப் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் போட்டு ஒரு பயனும் இல்லை.

அப்புறம், உடைந்தது எல்லாமே கோளாறும் இல்லை. ஆன்டிபாடியின் ஹெவி செயின் (பெரிய சங்கிலி) கடைசியில் இருக்க வேண்டிய லைசினை செல்லின் கார்பாக்ஸிபெப்டிடேஸ் வழக்கமாகவே கழற்றிவிடும். 128 டால்டன் குறையும். முதல் அமினோ அமிலம் குளூட்டமின் என்றால் அது வளையமாகி 17 டால்டன் குறையும். நம் உடம்பில் ஓடும் ஆன்டிபாடிகளிலும் இது இருக்கிறது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். 1999-இல் வந்த, மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஹெச் அமைப்பின் க்யூ6பி வழிகாட்டியும் இந்த வேறுபாட்டைச் செய்கிறது: மருந்தைப் போலவே வேலை செய்யும் மாற்று வடிவம் ஒரு வகை, அப்படிச் செய்யாதது அசுத்தம்.

முதல் படி: சாம்பிளை நிறுத்தி வையுங்கள்

பயோரியாக்டரிலிருந்து எடுத்த சாம்பிள் உங்கள் கையில் வந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு எடுத்து, மீட்டிங் போய்விட்டு, மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்குச் சென்ட்ரிஃபியூஜில் ஸ்பின் செய்தால் நீங்கள் பார்ப்பது பயோரியாக்டரில் நடந்ததை அல்ல, மேசையில் நடந்ததை. எனவே எடுத்த உடனே ஐஸில் வையுங்கள். 4 டிகிரியில் ஸ்பின் செய்து செல்களைத் தனியே எடுங்கள். அழுத்தி வேகமாகச் சுற்றி செல்களை உடைத்துவிடாதீர்கள். மேலே இருக்கும் தெளிந்த திரவத்தை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பிரித்து வைப்பது.

ஒவ்வொரு நாள் சாம்பிளிலும் ஒரு டியூபை மட்டும் வேறு விதமாகச் செய்யுங்கள். உறைய வைக்கும் முன் அதில் என்-எத்தில்மேலிமைடு அல்லது அயடோஅசிட்டமைடு சேருங்கள். தனித்து நிற்கும் தயோல்களை (கந்தக-ஹைட்ரஜன் முனைகளை) இது பூட்டிவிடும், அதற்குப் பிறகு டைசல்ஃபைடு பிணைப்பு அவிழவும் முடியாது, இடம் மாறவும் முடியாது. இந்த ஒரு டியூபை எடுத்து வைக்காமல் விட்டதால் முழு பேட்சைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்த நேரம், ஃப்ரீசருக்குள் போன நேரம் இரண்டையும் லேபிளில் எழுதுங்கள். தேதி மட்டும் போதாது.

இரண்டாம் படி: ஒரே சாம்பிள், இரண்டு ஜெல்

விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் மிகப் பெரிய கேள்விக்குப் பதில் தருவது இந்தப் படிதான். ஒரே சாம்பிளை, டைசல்ஃபைடை அவிழ்க்கும் டிடிடி போட்டு ஒரு லேனிலும் (ஜெல்லின் ஒரு வரிசையிலும்), டிடிடி போடாமல் இன்னொரு லேனிலும் ஓட்டுங்கள். முடிந்தால் தனித்தனி ஜெல்லிலேயே ஓட்டுங்கள், ஏனென்றால் பக்கத்து லேனுக்கு டிடிடி கசிந்து வந்து குழப்பும்.

ஒரு சாதாரண ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன். டிடிடி போட்டால் 50-இல் ஹெவி செயின், 25-இல் லைட் செயின், இரண்டே பேண்ட். இப்போது இப்படிப் படியுங்கள். டிடிடி இல்லாத லேனில் 125, 100, 75, 50, 25 என்று ஏணி மாதிரி படிப்படியாக இறங்குகிறது, ஆனால் டிடிடி போட்ட லேனில் சுத்தமாக 50-உம் 25-உம் மட்டும்தான் என்றால், முதுகெலும்பு எங்கும் அறுபடவில்லை. அவிழ்ந்தது டைசல்ஃபைடுதான். மாறாக, டிடிடி போட்ட லேனில் 30, 20 என்று புதிய பேண்டுகள் முளைத்திருந்தால் அது உண்மையான வெட்டு.

இதற்குத் தலைகீழான நிலையும் உண்டு. டிபிஏ-வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒற்றைச் சங்கிலி 275-ஆம் இடத்து ஆர்ஜினினுக்கும் 276-ஆம் இடத்து ஐசோலூசினுக்கும் நடுவில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகளையும் ஒரு டைசல்ஃபைடு சேர்த்தே பிடித்திருக்கும். ஆகவே டிடிடி இல்லாத லேனில் முழுப் புரதம் போலவே ஒரே பேண்ட் தெரியும், டிடிடி போட்டால்தான் வெட்டு வெளியே வரும். ஒரு ஜெல்லை மட்டும் ஓட்டியிருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள்.

ஜெல்லே உடைத்துக் காட்டும் சந்தர்ப்பமும் உண்டு, கவனம். சாம்பிள் பஃபரைச் சேர்த்துவிட்டுச் சூடாக்காமல் மேசையில் வைக்காதீர்கள். அந்தப் பஃபரில் இருக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு உங்கள் புரதத்தை விரித்துப் போட்டுவிடும், சில புரோட்டியேஸ்களோ அதிலும் உயிரோடு இருந்து விரிந்து கிடப்பதை வசதியாக மென்றுவிடும். சேர்த்தவுடன் சூடாக்குங்கள். டிடிடி இல்லாத சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் டைசல்ஃபைடுகள் இடம் மாறிப் பொய்யான ஏணி வரும். அயடோஅசிட்டமைடு சேர்த்து 70 டிகிரியில் பத்து நிமிடம் போதும்.

டேங்கில் கிடந்த இருபது மணி நேரம்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஹார்வெஸ்ட். செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, திரவத்தை எஃகு டேங்கில் நிரப்பி மூடினார்கள். அடுத்த கட்டச் சுத்திகரிப்புக்கான ரெசின் தயாராகவில்லை என்பதால் சனிக்கிழமை மதியம்வரை அறை வெப்பத்திலேயே கிடந்தது. திங்கட்கிழமை எஸ்இசி (புரதங்களை விரிக்காமலே அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) போட்டபோது ஒரே அழகான பீக். டிடிடி இல்லாத ஜெல்லிலோ முழு ஆன்டிபாடி பாதிகூட இல்லை. புரோட்டியேஸ் என்று முடிவு கட்டி மூன்று வாரம் தேடினோம், ஒவ்வொரு இன்ஹிபிட்டராகப் போட்டுப் பார்த்தோம். எதுவும் நிறுத்தவில்லை. அதைவிட, ஆய்வகத்தில் 50 மில்லி டியூபில் அதே திரவத்தை இருபது மணி நேரம் வைத்தால் ஒன்றுமே நடக்கவில்லை.

கடைசியில் பயோரியாக்டர் பக்கம் பல வருடம் வேலை பார்த்த ஒரு மூத்த டெக்னீஷியன் கேட்டார்: "டேங்க்ல மேல காத்து இருந்துச்சா சார், இல்ல வாய் வரைக்கும் ரொப்பிட்டாங்களா?" அங்கேதான் முடிச்சு இருந்தது. சென்ட்ரிஃபியூஜில் கொஞ்சம் செல்கள் உடைகின்றன. உள்ளிருந்து டைசல்ஃபைடை அவிழ்க்கும் தயோரிடாக்சின், தயோரிடாக்சின் ரிடக்டேஸ், அவற்றுக்கு எரிபொருளான என்ஏடிபிஹெச் எல்லாம் வெளியே வருகின்றன. திரவத்தில் ஆக்சிஜன் கரைந்திருக்கும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. நிரம்பி மூடிய டேங்கில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன் இந்தக் கூட்டம் ஆன்டிபாடியின் டைசல்ஃபைடுகளை அவிழ்க்கத் தொடங்குகிறது. எங்கள் 50 மில்லி டியூபில் பாதிக்கு மேல் காற்று இருந்தது, அதனால்தான் அங்கே ஒன்றும் ஆகவில்லை. நைட்ரஜனைக் குமிழியாக விட்டு மூடி வைத்தோம், மறுநாள் காலையே ஏணி வந்துவிட்டது. எஸ்இசி-யில் தெரியாததற்கும் காரணம் உண்டு. டைசல்ஃபைடு போனாலும் சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டிப் பிடித்தபடிதான் இருக்கும். எஸ்டிஎஸ் வந்து பிரித்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதற்குப் பிறகு அங்கே டேங்குக்குள் காற்று விடுவதும், நிரப்பும்போதே 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர வைப்பதும் வழக்கமானது. காப்பர் சல்ஃபேட் சேர்ப்பதும் பலர் செய்யும் முறைதான். இரண்டு ஜெல்லையும் அந்தத் திங்கட்கிழமையே பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

மூன்றாம் படி: நாள்வாரியாக அடுக்குங்கள்

இரண்டு ஜெல் பார்த்து, இது உண்மையான வெட்டுதான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மூன்றாம் நாளிலிருந்து ஹார்வெஸ்ட்வரை தினமும் எடுத்து வைத்த சாம்பிள்களை ஒரே ஜெல்லில் வரிசையாக ஓட்டுங்கள். ஒவ்வொரு லேனிலும் ஒரே அளவு புரதம் இருக்க வேண்டும், ஒரே அளவு திரவம் அல்ல. இல்லாவிட்டால் நாள் ஆக ஆக புரதம் கூடுவதால் துண்டும் கூடுவது போலத் தெரியும்.

மூன்றாம் நாளே துண்டு இருக்கிறது, கடைசிவரை அதே விகிதம் என்றால் அது பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே, வெளியே வரும் வழியில் நடக்கிறது. அந்த வழியிலுள்ள கோல்ஜி என்ற உறுப்பில் இருக்கும் ஃபியூரின் என்ற புரோட்டியேஸ் மாதிரி ஒன்றாக இருக்கலாம். ஒன்பது, பத்தாம் நாள்வரை ஒன்றுமில்லாமல் இருந்து, உயிருள்ள செல்களின் சதவீதம் சரியத் தொடங்கும்போது துண்டும் ஏறினால், செத்த செல்களிலிருந்து வந்தவற்றைச் சந்தேகியுங்கள். கூடவே திரவத்தில் எல்டிஹெச் என்ற, செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைமை அளந்து பாருங்கள், செல் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று அது நேராகச் சொல்லும். ஹார்வெஸ்ட் அன்று சுத்தமாக இருந்து சுத்திகரிப்புக்குப் பிறகு துண்டு வந்தால், கை நீட்ட வேண்டியது வைரஸைக் கொல்லப் பிஹெச் 3.5 பக்கம் கொண்டுபோய் ஒரு மணி நேரம்போல நிறுத்தி வைக்கும் படியை நோக்கி. கதெப்சின் டி என்ற லைசோசோம் புரோட்டியேஸ் நடுநிலையில் சோம்பேறி, அமிலத்தில் சுறுசுறுப்பு. உங்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும்.

நான்காம் படி: பழைய மீடியத்தில் போட்டுப் பாருங்கள்

எனக்கு இந்தச் சோதனை மேல் தனிப் பிரியம், ஏனென்றால் எளிமையானது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும், பதிலும் தெளிவாக வரும். நல்ல, உடையாத புரதத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புரதத்தைச் செய்யாத, வெறும் தாய் சோ செல்களை அதே மீடியத்தில் வளர்த்து, கடைசி நாள் திரவத்தை வடிகட்டி எடுங்கள். இது பழைய மீடியம். இதில் நல்ல புரதத்தைக் கலந்து 37 டிகிரியில் வைத்து, 0, 4, 24, 48, 72 மணி நேரத்தில் சாம்பிள் எடுத்து உடனே உறைய வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு டியூபில் செல்லே பார்க்காத புது மீடியத்தில் அதே புரதத்தை வைத்து அதே மாதிரி எடுங்கள்.

பழையதில் மட்டும் உடைந்தால் வெட்டுவது செல் வெளியே விட்ட ஏதோ ஒன்று. இரண்டிலும் உடைந்தால் என்சைமை விட்டுவிட்டு மீடியத்தின் வேதியியலைப் பாருங்கள். இரண்டிலும் உடையவில்லை, ஆனால் பயோரியாக்டரிலிருந்து வரும்போது மட்டும் துண்டு இருக்கிறது என்றால் வெட்டு உள்ளேதான். செல்லின் மேல்பரப்பிலும் இருக்கலாம். மாட்ரிப்டேஸ்-1 என்ற செரைன் புரோட்டியேஸ் செல் சவ்வில் பொருந்தியபடி இருப்பது, ஆனால் கழன்று மீடியத்திலும் கலக்கும். சோ செல்களில் பல புரதங்களை வெட்டுவது அதுதான் என்று கண்டுபிடித்து, அந்த ஜீனை எடுத்துவிட்ட செல்களை ஆய்வாளர்கள் உருவாக்கி 2018-இல் வெளியிட்டார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுகிறார்கள். மீடியம் பைகார்பனேட்டை நம்பிப் பிஹெச் பிடித்து வைத்திருப்பது. கார்பன் டை ஆக்சைடு இல்லாத சாதாரண இன்குபேட்டரில் டியூபைத் திறந்து மூடி வைத்தால் சில மணி நேரத்தில் பிஹெச் 8-ஐத் தாண்டிவிடும். பயோரியாக்டரில் பிஹெச் 7-இல் நடப்பதைத் தேடிக்கொண்டு 8.3-இல் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஹெப்பஸ் பஃபர் சேருங்கள், முடிவில் பிஹெச் அளந்து எழுதுங்கள். மூன்று நாள் 37 டிகிரியில் வைப்பதால் பாக்டீரியா வளராமல் இருக்க 0.02 சதவீதம் சோடியம் அசைடு போடலாம். அசைடு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அமிலத்தோடு சேர விடாதீர்கள், சிங்கில் ஊற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: இப்போது இன்ஹிபிட்டர்

இங்கே வந்த பிறகுதான் பக்கத்து மேசைக்காரரின் அறிவுரைக்கு இடம். எல்லாம் கலந்த காக்டெயிலைக் கொட்டாதீர்கள். அது வெட்டை நிறுத்தினாலும் எந்தக் குடும்பம் என்று சொல்லாது. பழைய மீடியச் சோதனையையே நான்கு டியூபில் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆஸ்பார்டிக் குடும்பத்துக்கு பெப்ஸ்டாட்டின் ஏ, சிஸ்டீன் குடும்பத்துக்கு ஈ-64, செரைன் குடும்பத்துக்கு ஏஈபிஎஸ்எஃப், உலோகம் வைத்து வேலை செய்யும் மெட்டலோபுரோட்டியேஸ்களுக்கு ஈடிடிஏ. முதல் இரண்டும் மைக்ரோமோலார் அளவில் போதும், பின்னிரண்டும் ஒரு மில்லிமோலார் அக்கம்பக்கம். பெப்ஸ்டாட்டின் தண்ணீரில் சரியாகக் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துத்தான் சேர்ப்பீர்கள். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட ஐந்தாவது டியூப் கட்டாயம் வேண்டும்.

செரைன் குடும்பத்தைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் பாட்டில் எல்லா ஆய்வகத்திலும் இருக்கும், அதை எடுக்கத் தோன்றும். தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். பிஹெச் 8-இல் அறை வெப்பத்தில் பாதி போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. 72 மணி நேரச் சோதனைக்கு அது உதவாது. ஈடிடிஏ-விலும் ஒரு சிக்கல். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 போல உலோக அயனிகளின் துணையோடு உருவம் காக்கும் புரதங்கள் ஈடிடிஏ பட்டால் தாமே தளர்ந்துவிடும். அப்போது வெட்டு கூடினாலும் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் புரதம் அப்படிப்பட்டதா என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வெட்டு விழுந்த இடம்

இதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் இருப்பவர்களிடம் அனுப்புங்கள், ஆனால் சாம்பிளைத் தயார் செய்வது நீங்கள்தான். பிஎன்ஜிஏஸ் எஃப் என்ற என்சைம் போட்டு, புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழற்றிவிடுங்கள், பிறகு டிடிடி போட்டுச் சங்கிலிகளைப் பிரியுங்கள். சர்க்கரை இருந்தால் ஒரே துண்டு பல எடையில் சிதறிக் கிடக்கும்.

வந்த எடைகளைச் சரிபார்க்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பெப்டைடு பிணைப்பு அறுபடும்போது ஒரு நீர் மூலக்கூறு உள்ளே சேரும். ஆகவே இரண்டு துண்டுகளின் எடையைக் கூட்டினால் முழுச் சங்கிலியைவிட 18 டால்டன் அதிகமாக வர வேண்டும். முழு ஹெவி செயின் 49,000 டால்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் 27,400 மற்றும் 21,618 என்று வந்தால், கூட்டுத்தொகை 49,018. ஒரே இடத்தில் ஒரே வெட்டு. கணக்கு உதைத்தால், முதல் வெட்டுக்குப் பிறகு துண்டின் நுனியை வேறொன்று கடித்துக்கொண்டிருக்கலாம், இல்லை நீங்கள் சேர்த்துப் பார்த்த இரண்டும் ஜோடியே இல்லை.

இடம் தெரிந்ததும் புரதத்தின் அமினோ அமில வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டின் இரு பக்கமும் என்ன எழுத்து என்று பாருங்கள். லைசினுக்கோ ஆர்ஜினினுக்கோ அடுத்து வெட்டு என்றால் ட்ரிப்சின் மாதிரியான செரைன் குடும்பம். லூசின், ஃபினைல்அலனின் மாதிரி நீரை வெறுக்கும் இரண்டுக்கு நடுவில் என்றால் கதெப்சின் டி. ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்கும் புரோலினுக்கும் நடுவில் என்றால் என்சைமே தேவையில்லை, அமிலமும் சூடும் போதும். இந்த அடையாளமும் ஐந்தாம் படியில் நின்ற இன்ஹிபிட்டரும் ஒரே ஆளைக் காட்டினால் நம்பலாம். வேறு வேறு ஆளைக் காட்டினால் இன்னும் ஒருமுறை செய்யுங்கள்.

எச்ஐவி-யின் உறைப் புரதமான ஜிபி120 இதற்கு நல்ல உதாரணம். தடுப்பூசிக்காக அதைச் சோ செல்களில் செய்தவர்களுக்கு வி3 வளையத்தில் ஆர்ஜினினை ஒட்டி வெட்டு விழுவது பெரிய தலைவலியாக இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் ஆய்வு செய்தவர்கள் வெட்டுவது சி1எஸ் என்ற செரைன் புரோட்டியேஸ் என்று கண்டு, அதன் ஜீனை கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவி வைத்து எடுத்துவிட்டார்கள். சி1எஸ் ரத்தத்தில் நோய் எதிர்ப்புக்காகச் சுற்றும் காம்ப்ளிமென்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. சினைப்பைச் செல் அதைச் செய்து வெளியே விடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

ஏழாம் படி: சரிசெய்வது, விலை குறைந்ததிலிருந்து

ஜீனை எடுப்பது கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் அது கடைசி வழி. முதலில் காசு செலவாகாதவற்றைப் பாருங்கள். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகுதான் துண்டு ஏறுகிறது என்றால் பன்னிரண்டாம் நாளே ஹார்வெஸ்ட் செய்யுங்கள். கொஞ்சம் புரதம் குறையும், ஆனால் எடுப்பது நல்ல புரதம். வளர்ச்சி முடிந்தபின் வெப்பத்தை 37-இலிருந்து 33 பக்கம் இறக்கிப் பாருங்கள். பல குளோன்கள் (ஒவ்வொன்றும் ஒரே செல்லிலிருந்து பெருகிய வரிசை) அதில் நீண்ட நாள் உயிரோடு இருக்கும், வெட்டும் குறையும். ஹார்வெஸ்டைக் குளிர வையுங்கள், காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். அமிலப் படியில்தான் பிரச்சினை என்றால் பிஹெச்சைக் கொஞ்சம் ஏற்றி, நேரத்தைக் குறைத்து, வைரஸ் அப்போதும் சாகிறதா என்று பாருங்கள். அல்லது அதற்கு முந்தைய படியிலேயே நன்றாகக் கழுவி அந்தப் புரோட்டியேஸை வெளியேற்றுங்கள்.

குளோன்களைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே தாய்ச் செல் வரிசையிலிருந்து வந்த இரண்டு குளோன்கள் வெட்டு விஷயத்தில் வெகுவாக வேறுபடும். அதிகம் சுரக்கும் குளோனை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வருத்தப்படுவீர்கள். தேர்வு நடக்கும்போதே பத்து, பதினைந்து குளோன்களின் கடைசி நாள் திரவத்தை இரண்டு ஜெல்லிலும் ஓட்டிவிடுங்கள். ஒரே நாள் வேலை.

மிகவும் மென்மையான புரதங்களுக்கு வேறு பாதை உண்டு. ஃபேக்டர் 8-ஐ இரண்டு வாரம் ரியாக்டரில் ஊற வைக்க முடியாது. பேயர் நிறுவனம் கோஜினேட் என்ற தன் ஃபேக்டர் 8 மருந்தை ஹாம்ஸ்டரின் சிறுநீரகச் செல்களில், பெர்ஃப்யூஷன் முறையில் தயாரித்தது. புது மீடியம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், புரதம் வெளியே வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் அதைச் சுமக்கும் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் கூட இருந்தால் ஃபேக்டர் 8 இன்னும் தாங்கும்.

தொடக்க நிலையிலேயே இருக்கிறீர்கள், மருந்தின் வரிசை இன்னும் முடிவாகவில்லை என்றால் வெட்டு விழும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். ஆஸ்பரஜின்-கிளைசின் ஜோடி போன்ற பலவீனமான இடங்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சின்ன பெப்டைடுகளில் அது 37 டிகிரியில் ஒன்றிரண்டு நாளிலேயே பாதி டீஅமிடேஷன் ஆகிவிடும், புரதத்துக்குள் மடிந்திருந்தால் மெதுவாகும். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்ட பிறகு வரிசையில் ஓர் எழுத்தை மாற்றினால் அது வேறு மருந்து. செய்முறையை மாற்றினால்கூட, முன்பு செய்ததும் இப்போது செய்வதும் ஒன்றுதான் என்று ஐசிஹெச் க்யூ5ஈ கேட்கும் விதத்தில் காட்ட வேண்டும்.

தயாரிப்பு ரியாக்டரிலேயே இன்ஹிபிட்டரைக் கொட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் கொட்டியது முழுவதும் கடைசியில் வெளியேறிவிட்டது என்று ஒவ்வொரு பேட்சுக்கும் நிரூபிக்க வேண்டும். அந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர் ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஒரு குழந்தையாக இருக்கலாம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வருடக்கணக்கில். நான் அந்தப் பாதையில் போகவே மாட்டேன்.

மாற்றம் எதைச் செய்தாலும் திரும்ப முதல் படிக்கே வாருங்கள். அதே மாதிரி சாம்பிள், அதே இரண்டு ஜெல், அதே நாள்வாரி வரிசை. வெட்டு குறைந்ததா என்பதோடு சர்க்கரை அமைப்பு மாறியதா, மின்னூட்ட வடிவங்கள் மாறினவா, மொத்தப் புரதம் எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள். சின்ன ரியாக்டரில் வெற்றி பெற்ற மாற்றத்தைப் பெரிய ரியாக்டருக்குக் கொண்டு போகும்போது ஹார்வெஸ்ட் டேங்கில் எத்தனை மணி நேரம் நிற்கப் போகிறது, மேலே எவ்வளவு காற்று இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.